இரண்டு பொங்கலுக்கும் முதல் இடம்

1955ஆம் ஆண்டு ஹட்டனில் நடந்த தோட்டங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்குப் பூரணி ஓடத்தான் வந்திருந்தாள். ஓடாமலே திரும்பினாள்.

பெண்களின் இருநூற்று இருபது கெஜ ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டபோது அவள் மைதானத்தின் மறுகோடியில் நீளம் பாய்தல் வரிசையில் நின்றிருந்தாள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருந்தார்கள். அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, பட்டியல் வைத்திருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "பூரணி ஓடி முடிச்சாச்சே" என்றார். உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இன்னொரு பூரணி வந்திருந்தாள். இவளுடைய இடத்தில் அவள் ஓடி, நான்காவதாக வந்து, கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். திரும்பி நீளம் பாய்தலுக்குப் போனால் அங்கேயும் முடிந்துவிட்டது.

அன்று மைதானத்தில் இருபத்தேழு தோட்டங்களிலிருந்து ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். அத்தனை பேரின் பெயர்களும் எட்டு நீளத் தாள்களில் இருந்தன. மத்தியானம் பெய்த மழையில் இரண்டு தாள்கள் ஊறி மை கலைந்துவிட்டது.

கல்மேட்டுத் தோட்டத்திலிருந்து வந்த லொறியில் திரும்பும்போது பூரணி அழவில்லை. பக்கத்தில் இருந்த மனோரஞ்சிதம்தான் அழுதாள். இருவரும் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் பிறந்து வளர்ந்தவர்கள். மனோரஞ்சிதத்தின் அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். மகளை ஹட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். படித்து முடித்து அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்துவிட்டாள். பூரணி பதினோரு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டியவள். மலையின் கடைசி வரிசையிலிருந்து தேயிலை நிறுக்கிற இடத்துக்கு, முதுகில் நிறைந்த கூடையோடு, அவளை முந்தி யாரும் வந்ததில்லை.

"நீ எதுக்குடி அழுவுற? ஓடாதது நானு" என்றாள் பூரணி.

"நீ தோத்திருந்தாக்கூட எனக்கு இப்படி இருக்காது. ஒரு காயிதத்துனால ஒன்ன ஓட விடலயேடி" என்றாள் மனோரஞ்சிதம்.

மறுவாரமே அவள் ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த வைரவனைப் போய்ப் பார்த்தாள். அவர்தான் போட்டிக் குழுவின் செயலாளர்.

"பேரைத் தாள்ல எழுதுறதுதான் தப்புங்க ஐயா" என்றாள். "ஒரு ஆளுக்கு ஒரு அட்டை எழுதுவோம். பேரு, தகப்பன் பேரு, தோட்டம், வயசு, என்னென்ன போட்டின்னு அதுல இருக்கணும். ஒரு போட்டிக்கு ஒரு தட்டு. அந்தப் போட்டிக்கு ஆளைக் கூப்பிடயில அட்டையும் அந்தத் தட்டுக்குப் போயிரும். ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல அட்டை இருக்க முடியாதுல்ல? அப்ப ஆளையும் ரெண்டு எடத்துல கூப்பிட முடியாது."

வைரவன் விரலால் கணக்குப் போட்டார். "இத்தனை பேருக்கு யாரும்மா எழுதுறது?"

"நான் எழுதுறேங்க."

அவள் எழுதினாள். வைரவன் வெள்ளை அட்டை வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் விட்ட பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், மஸ்கெலியாவிலிருந்து கினிகத்தேனை வரை தோட்டம் தோட்டமாக பஸ்ஸிலும் நடையிலும் போனாள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று ஓட்டக்காரர்களிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினாள். ஆண்களுக்கு மூலை வெட்டாத அட்டை, பெண்களுக்கு வலது மூலை வெட்டிய அட்டை. ஒரே பெயரில் பலர் இருந்தார்கள். ராசம்மா மட்டும் பதினாறு பேர். அதனால் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தாள். அதே எண்ணைத் துணியில் தைத்து முதுகில் குத்திக்கொள்ளச் சொன்னாள்.

அட்டையின் அடியில் இன்னொரு வரி இருந்தது: 'இதற்கு முன் வென்றவை.' நன்றாக ஓடுகிற இருவரை முதல் சுற்றிலேயே ஒன்றாக விட்டால் ஒருத்தி வீணாக வெளியே போய்விடுவாள். முன்பு வென்றவர்களைப் பிரித்துப் போட அந்த வரி வேண்டும் என்று அவளே யோசித்துச் சேர்த்தது.

பூரணியின் அட்டையை அவர்கள் வீட்டு வாசலில் வைத்துத்தான் எழுதினாள். பூரணியின் அம்மா அம்மாக்கண்ணு அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

"முன்னாடி எங்க ஜெயிச்ச?"

"எங்க ஜெயிச்சேன், போன வருசந்தான் ஓடவே விடலயே" என்று சிரித்தவள், உடனே நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இரு இரு. ஊர்ல ஓடினது சேருமா? சின்னதுல எங்க அம்மாயி வீட்ல இருந்தோமே, முசிறிக்கிட்ட. பள்ளிக்கூடத்துல பொங்கலுக்கு ஓட்டம் வச்சாங்க. நாந்தான் மொதலு. ரெண்டு வருசமும்!"

"எந்தெந்த வருசம்?"

பூரணி விரல் விட்டுப் பார்த்தாள். நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்றாள். மனோரஞ்சிதம் தன் அழகான கையெழுத்தில் எழுதினாள்: '1946 பொங்கல் ஓட்டம், முசிறி, முதல் இடம். 1947 பொங்கல் ஓட்டம், முசிறி, முதல் இடம்.' பூரணிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். அந்த இரண்டு வரிகளின் மேல் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு முறை சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

1956ஆம் ஆண்டு போட்டிக்கு முப்பத்து நான்கு தோட்டங்கள் வந்தன. எழுநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள். தேயிலைப் பெட்டிப் பலகையில் தச்சன் செய்துகொடுத்த தட்டுகளை நீள மேசையில் வரிசையாக வைத்து, நடுவில் மனோரஞ்சிதம் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு ஆசிரியைகள். ஓட்டம் தொடங்குமிடத்துக்கு அட்டைக் கட்டு போகும். முடிவோடு திரும்பி வரும். வென்றவர்களின் அட்டை அடுத்த சுற்றுத் தட்டுக்கு ஏறும். ஒலிபெருக்கிக்காரர் கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் கை போய் எடுத்துக் கொடுத்தது. மழை வந்தது. ரப்பர் சீலையை இழுத்து மூடினார்கள். ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. நாலரை மணிக்குக் கடைசி ஓட்டம் முடிந்தபோது வைரவனால் நம்ப முடியவில்லை. கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

பூரணி நூறு கெஜத்திலும் இருநூற்று இருபது கெஜத்திலும் முதலாவதாக வந்தாள். இரண்டாவது ஓட்டத்தில் அவளுக்கும் அடுத்தவளுக்கும் ஐந்தாறு அடி இடைவெளி. சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, வெறுங்காலோடு, வாயை இறுக்கிக்கொண்டு அவள் வளைவில் திரும்பியபோது கல்மேட்டுத் தோட்டத்துச் சனம் முழுவதும் எழுந்து கத்தியது. அவளுடைய அப்பா செல்லசாமி மட்டும் கத்தவில்லை. தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டம் முடிந்து பூரணி நேரே மனோரஞ்சிதத்தின் மேசைக்கு வந்தாள்.

"என் அட்டையில இதையும் எழுது" என்றாள். நெஞ்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கொழும்பிலிருந்து வந்திருந்த விளையாட்டு அதிகாரி ஒருவர் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஓர் அட்டையை எடுத்துப் பார்ப்பதும் அதே இடத்தில் வைப்பதுமாக இருந்தார். பிறகு வைரவனிடம் சிங்களத்தில் பேசினார். வைரவன் சிரித்த முகத்தோடு திரும்பினார்.

"கொழும்புலயே இப்படி ஒழுங்கா நடக்கிறதில்லையாம் டீச்சர். தை மாசத்துல தீவு முழுசுக்கும் போட்டி வைக்கிறாங்களாம். நம்ம ஆளுங்க பன்னெண்டு பேரு பேரைக் கேக்குறாரு. பூரணியும் இருக்கு."

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. இலங்கைப் பிரஜைகள் மட்டும்தான் ஓடலாம். நாற்பத்தெட்டில் வந்த சட்டத்தால் தோட்டத் தமிழர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லாமல் போயிருந்தது; விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும். பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் பத்திர எண்ணையும், இன்னும் கிடைக்காதவர்கள் விண்ணப்ப எண்ணையும் எழுதி அட்டைகளை அனுப்ப வேண்டும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறதென்று அலுவலகமே விசாரித்துக்கொள்ளும்.

செல்லசாமி ஐம்பத்தொன்றிலேயே குடும்பத்துக்கு விண்ணப்பம் போட்டிருந்தார். ஐந்து வருடமாகப் பதில் இல்லை. மனோரஞ்சிதம் எண் கேட்டுப் போனபோது அவர் தகரப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணியில் சுற்றிய காகிதத்தை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த நம்பர எதுக்கும்மா வெளிய குடுக்கணும்? அது பாட்டுக்குத் தூங்குது. தூங்கட்டுமே."

"தூங்குறதத்தான் மாமா எழுப்பணும். கவர்மெண்டு ஆளே கேட்டு எழுதுனா சீக்கிரம் விசாரிப்பாங்க. பூரணி கொழும்புல ஓடுவா. ஒங்களுக்கும் பத்திரம் வந்துரும்."

"ஒனக்குத் தெரியுமா இதெல்லாம்?"

"நான் இருக்கேன்ல மாமா."

அவர் காகிதத்தைக் கொடுத்தார். அவள் எண்ணை எழுதினாள்.

அவள் சொன்னதுபோலவே விசாரணை சீக்கிரம் வந்தது. 1957 மாசி மாதத்தில் நுவரெலியாவுக்கு வரச் சொல்லி செல்லசாமிக்குக் கடிதம் வந்தது. இரண்டு நாள் கழித்து மனோரஞ்சிதத்துக்கும் ஒன்று வந்தது. சாட்சியாக அவளும் வர வேண்டுமாம். கொழும்புப் போட்டி அதற்குள் நடந்து முடிந்திருந்தது. பதில் வராததால் பூரணியைக் கூப்பிடவில்லை. "அடுத்த வருசம் இருக்குல்ல" என்று பூரணிதான் அவளுக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்த அறையில் ஒரு பெரிய மேசை, அதிகாரி, பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அம்மாக்கண்ணுவையும் பூரணியையும் வெளியே வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லிவிட்டு, செல்லசாமியை முதலில் விசாரித்தார்கள். சாட்சி என்பதால் மனோரஞ்சிதத்தைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள்.

"ஒங்க சம்சாரமும் புள்ளையும் இந்தியாவுக்குப் போனது எப்ப?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"நாப்பத்தஞ்சு மார்கழியிலங்க. பொங்கலுக்கு முன்னாடியே போனாங்க. மாமனாரு கெடையில கெடந்தாரு. நாப்பத்தாறு தீவாளிக்கு முன்னாடி வந்துட்டாங்க."

விண்ணப்பத்திலும் அப்படித்தான் இருந்தது. மனு எழுதியவர் அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் நாட்டைவிட்டுப் போயிருந்தால் குடும்பத்தின் விண்ணப்பமே நிற்காது. கிழவர் சாகப் பல மாதம் ஆகிவிட்டது. திரும்பி வரும் வழியில், கப்பலேறுமுன் நிறுத்திச் சோதிக்கும் மண்டபம் முகாமில் வேறு காத்துக் கிடந்தார்கள். உண்மையில் பதினைந்து மாதம். மனோரஞ்சிதம் அப்போது சிறுமி. பூரணி திரும்பி வந்த நாள் நினைவிருந்ததே தவிர எத்தனை மாதம் என்று அவள் எண்ணியதில்லை.

அதிகாரி கோப்பிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வலது மூலை வெட்டிய அட்டை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நாற்பத்தாறு பொங்கல், நாற்பத்தேழு பொங்கல். அவளுடைய கையெழுத்தில், அவளே எழுதிய விண்ணப்ப எண்ணுக்குக் கீழே. அந்த எண்தான் அட்டையை இந்தக் கோப்புக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது.

"இது ஒங்க எழுத்துதானா டீச்சர்?"

"ஆமாங்க."

"ரெண்டு வருசமும் அந்தப் புள்ள இந்தியாவுல ஓடுச்சுன்னு இருக்கு."

செல்லசாமி திரும்பி அவளைப் பார்த்தார். கோபமில்லை. மழையில் வழி தெரியாமல் நிற்கிறவர் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தப்பா எழுதிட்டேங்க" என்றாள் மனோரஞ்சிதம். வாழ்நாளில் அதுவரை அவள் பெரிய பொய் எதுவும் சொன்னதில்லை. "ஒரு வருசந்தான் ஓடினா. எழுநூறு அட்டை எழுதினதுல கை தவறிப்போச்சு. ரெண்டாவது வரி வேற புள்ளையோடது."

மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அதிகாரி தலையசைத்தார். அவர் கடுமையான மனிதராகத் தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கதவைக் காட்டி ஏதோ சொன்னார். பூரணியை உள்ளே கூப்பிட்டார்கள்.

பூரணி தன் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததும் மேசையில் இருந்த தன் அட்டையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"இந்த அட்டையில டீச்சர் தப்பா எழுதிட்டதாச் சொல்றாங்க. இல்லாததை எழுதிட்டாங்களாம். அப்படித்தானா?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

பூரணி மனோரஞ்சிதத்தைப் பார்த்தாள். சுவரோரம் வியர்த்துப்போய், கண் கலங்கி நின்றிருந்தவளைப் பார்த்தாள். தன்னால் இவளுக்கு ஏதோ கெட்ட பெயர் வந்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறு எப்படித் தோன்றும்? மனோரஞ்சிதம் தலையை மெல்ல அசைத்தாள். பூரணிக்கு அது அழுகையின் நடுக்கமாகவே தெரிந்தது.

"இல்லீங்க" என்றாள் பூரணி உரக்க. "அவங்க தப்பா எழுத மாட்டாங்க. முப்பத்து நாலு தோட்டத்துக்கும் எழுதினாங்க, ஒரு தப்பு வரலீங்க. நான் சொன்னதத்தான் எழுதினாங்க. ரெண்டு பொங்கலுக்கும் ஓடினேன். ரெண்டு தடவையும் நாந்தான் மொதலு. மொத வருசம் ஒரு சிலேட்டு குடுத்தாங்க. அடுத்த வருசம் பித்தளைச் செம்பு. செம்பு வீட்லதாங்க இருக்கு, வேணும்னா கொண்டாந்து காட்டுறேன்."

மொழிபெயர்ப்பாளர் உடனே அதைச் சொல்லவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நால்வரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். செல்லசாமி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதி தூரம் வந்த பிறகு பூரணி மனோரஞ்சிதத்தின் கையைப் பிடித்தாள்.

"நான் சரியாத்தானே சொன்னேன்? ஒனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது" என்றாள் மனோரஞ்சிதம்.

வைகாசியில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் இருந்ததைத் தோட்ட ஆபீஸில் படித்துச் சொன்னார்கள். காரணத்தையும் சொன்னார்கள். அன்று பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் பூரணி வந்தாள். கூடைகூட இறக்காமல் வாசலில் நின்றாள்.

"நீ பொய் சொன்னது எங்களுக்காகவா?"

மனோரஞ்சிதம் ஆமென்று தலையசைத்தாள்.

"ஏன்டி எனக்கு முன்னாடியே சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் பொய் சொல்லியிருப்பேனே. ஒன்னவிட நல்லாச் சொல்லியிருப்பேனே!"

"எனக்கே அங்கதான்டி தெரிஞ்சுச்சு. என்னை அடிச்சுரு பூரணி. எதாச்சும் செய்."

"ஒன்னை அடிச்சு என்னடி ஆவப்போவுது?" பூரணி கூடையின் கயிற்றை நெற்றியிலிருந்து தள்ளிவிட்டுத் துடைத்துக்கொண்டாள். "நீ கேட்ட, நான் சொன்னேன். நீ எழுதின. அன்னைக்கு நம்ம ரெண்டு பேரும் பொய் சொல்லல. அதுதான் தப்பாப்போச்சு."

அதற்குப் பிறகு அவள் பேசாமல் இருந்துவிடவில்லை. வழியில் பார்த்தால் நின்று பேசினாள். ஆனால் அவர்கள் வீட்டு வாசலில் மனோரஞ்சிதம் உட்கார்ந்து பேசிய நாட்கள் முடிந்துவிட்டன. அம்மாக்கண்ணு அவளைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். மேல்முறையீட்டுக்கு மனோரஞ்சிதமே அலைந்தாள். கண்டிக்கும் கொழும்புக்கும் போனாள். யார் யாரையோ பார்த்தாள். எல்லோரும் அந்த அட்டையைப் பற்றியே கேட்டார்கள். மேல்முறையீடும் தள்ளுபடியானது.

வைரவன் அடுத்த போட்டிக்கு அட்டை எழுதக் கேட்டு ஆள் அனுப்பினார். முடியாது என்று சொல்லிவிட்டாள். அவரே வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். "எழுநூறு பேரும்மா" என்றார். "அந்த எழுநூறு பேருக்காகத்தாங்க ஐயா எழுதல" என்றாள் அவள். அவர் புரிந்துகொண்டு போய்விட்டார். அந்த வருடம் மறுபடியும் நீளத் தாளில் எழுதினார்கள். பூரணி ஓடப் போகவில்லை.

1958 கடைசியில் செல்லசாமி நெஞ்சு வலி என்று, தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டும் மலையில் உட்கார்ந்தவர், தூக்கிக்கொண்டு வருவதற்குள் இறந்துபோனார். தோட்டத்துக் கல்லறை மேட்டில் அவரைப் புதைத்தார்கள். அவர் போன பிறகு அம்மாக்கண்ணுவுக்கு அந்த மண்ணில் இருக்கப் பயம் வந்துவிட்டது. என்றைக்காவது பிடித்து அனுப்புவார்கள், அதற்கு முன் நாமே போய்விடுவோம் என்றாள். முசிறியில் தம்பி இருந்தான். பூரணி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். தாயைத் தனியாக அனுப்ப அவளுக்கு மனமில்லை. 1959 ஆனியில் இருவரும் புறப்பட்டார்கள்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு லயத்துச் சனம் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மனோரஞ்சிதம் எல்லோருக்கும் பின்னால் நின்றாள். பூரணியே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். பூரணியின் தோள் எலும்பு அவள் கைக்குள் சிறிதாக இருந்தது. ரயில் வந்தது. மூட்டைகளை ஏற்றினார்கள்.

வண்டி நகரப் போகும் நேரத்தில் அம்மாக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "மனோ" என்று கூப்பிட்டாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து அவள் பெயர் வந்தது. மனோரஞ்சிதம் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள்.

"அவரு மேட்டுல புல்லு மண்டிப் போவும்மா" என்றாள் அம்மாக்கண்ணு. "எங்களுக்கு இனிமே வர ஏலாது. ஒன்னைத்தான் மகமாதிரி நெனச்சாரு. ஆடி அமாவாசைக்கு மட்டும் போயி ஒரு வெளக்கு வச்சுரு தாயி."

"வைக்கிறேன் அத்தை" என்றாள் மனோரஞ்சிதம். "வருசா வருசம் வைக்கிறேன்."

கை நழுவியது. பூரணி அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே போனாள். ரயில் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் கூட்டம் கலையச் சிறிது நேரம் ஆனது. யாரோ மனோரஞ்சிதத்தைக் கையைப் பிடித்து பஸ்ஸுக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த ஆடி அமாவாசைக்கு அவள் விளக்கும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு, மண்வெட்டியோடு கல்லறை மேட்டுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. அம்மாக்கண்ணு சொன்னது சரி. புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. எது செல்லசாமியின் மேடு என்று தெரியாமல் சிறிது நேரம் தேடினாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து முதல் மேட்டிலிருந்தே புல்லை வெட்டத் தொடங்கினாள்.